கெப்புக்கு டயர் வாங்க முதல் ஒருக்கால் இதை வாசியுங்கோ

 

நெடுந்தீவில் ஓடுகிற எங்கட ஊர்க் கெப்புக்கு டயரும் சில்லும் மாற்றுவதற்காக கனடாவில் இருந்தும் சுவிசில் இருந்தும் பிள்ளைகள் காசு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், பெரிய விசயம். குழுவில் தம்பி ஒருவர் படமும் போட்டிருந்தார்: 31 அங்குலச் சேற்று டயர், பெரிய பெரிய கட்டைகள், கறுப்பு அலோய் றிம், மட்காட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் தள்ளி நிற்கிறது. பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. எழுபதுக்கு மேல் லைக். எதிர்த்து எழுதியது நான் ஒருவன் மட்டும். அதற்கு "சேருக்கு வாகனத்தைப் பற்றி என்ன தெரியும்" என்று ஒரு பதிலும் வந்தது.

கேள்வி நியாயமானது. நான் மெக்கானிக் இல்லை. கணிதம் படிப்பிக்கிறவன். ஆனால் திங்கள் காலையில் குறிகட்டுவானில் படகு ஏறி, மாவலி இறங்குதுறையில் இறங்கி, பாடசாலைக்குப் போவது இந்தக் கெப்பின் பின்பெட்டியில்தான். என்னோடு இன்னும் நாலைந்து ஆசிரியர்கள், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சில நேரம் ஒரு ஆடு. அந்த டயருக்கு மேல் இருக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியில் சண்டை வரும். அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போன வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். குழுவில் உள்ள பலருக்கு டயர் வெடித்தது மட்டும்தான் தெரியும். ஏன் வெடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைப்பேறுக்கு நாள் நெருங்கிய ஒரு தங்கச்சியை ஆஸ்பத்திரியில் இருந்து இறங்குதுறைக்குக் கொண்டு போகும்போது பின் சில்லு வெடித்தது. வேகம் ஒன்றும் இல்லை, 40 இருக்கும். சாரதி அண்ணை கெட்டிக்காரர், வண்டியைக் கல்வேலியில் முட்ட விடாமல் பிடித்துவிட்டார். மாற்றுச் சில்லை எடுத்தால் அதில் காற்று இல்லை. கடைசியில் ஒரு ஓட்டோக்காரத் தம்பிதான் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். படகு காத்து நின்றது. அவர்கள் நிற்காமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

அன்று பின்னேரம் அந்தக் கிழிந்த டயரைப் பார்த்தேன். பள்ளம் நல்ல ஆழம். தேய்மானமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் விலாப்பக்கம் முழுக்க மயிர் மயிராக வெடிப்பு. விலாவில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம்: 1113. அதாவது 2013 ஆம் ஆண்டின் 11 ஆவது கிழமை செய்த டயர். 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த எல்லா டயரிலும் இப்படித்தான் இருக்கும், முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். டவுனில் ஒரு கடையில் "ஜப்பானில் பாவித்தது, புதுசு மாதிரி" என்று வாங்கியது. புதுசு மாதிரி இருந்தது உண்மை. அங்கே ஏதோ ஒரு வீட்டில் கார் நின்ற இடத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

நம் தீவுகளில் டயர் வாங்குகிற யாரும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். கொழும்புக்கு ஓடுகிற லொறிக்காரருக்கு டயர் தேய்ந்து சாகிறது. நமக்கு டயர் வயது போய்ச் சாகிறது. நெடுந்தீவு முழுவதும் சுமார் 50 சதுர கிலோமீற்றர். இறங்குதுறையில் இருந்து பெருக்க மரம், கோட்டை, குதிரை நிற்கிற வெளி என்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றினாலும் எத்தனை கிலோமீற்றர் ஓடும்? வருடம் முழுக்கக் கூட்டினாலும் ஒரு ஹயஸ் வான் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ஒன்றிரண்டு மாதத்தில் ஓடுகிற தூரம் வராது. ஆனால் வெயில் அதே வெயில். உப்புக் காற்று அதைவிட அதிகம். றப்பர் ஓடாமல் நின்றாலும் கிழடு ஆகும், ஓடாமல் நின்றால்தான் கெதியில் வெடிக்கும் என்றும் சொல்வார்கள். பல வாகனக் கம்பனிகள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன, டயர்க் கம்பனிகள் சில, பத்து வருடத்துக்கு மேல் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் கழற்றி எறியச் சொல்கின்றன. அது குளிர் நாட்டுக்காரனும் சேர்த்து வாசிக்கிற கணக்கு. நம்மட வெயிலுக்கு நான் ஆறையே எடுப்பேன்.

ஆகவே "இந்த டயர் 80,000 கிலோமீற்றர் ஓடும்" என்று கடைக்காரர் சொன்னால் அது நமக்குத் தேவையில்லாத குணம். அந்த 80,000ஐ நாங்கள் பார்க்கப் போவதில்லை. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். நமக்கு வேண்டியது புதிதாகச் செய்த டயர், பலமான விலா, மறுபடி கிடைக்கிற அளவு. இந்த மூன்றும்தான். மற்றது எல்லாம் படம் எடுக்க.

பாவித்த டயர் வேண்டவே வேண்டாமா என்று கேட்பீர்கள். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு போட்டார்கள். பிறகு 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்குப் பாய்ந்தது. அந்த நேரம் கிடைத்ததைப் போட்டு ஓடினோம், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெற்றோலுக்கே கியூஆர் காட்டி வரிசையில் நின்ற காலம். யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்றும் சிலர் சொல்வார்கள். (நாங்கள் அந்த நேரம் புத்தளத்தில், அகதி முகாமில். அந்தக் கதை வேறு.) இல்லாத காலத்தில் சமாளித்தது கெட்டித்தனம். இப்போது கையில் காசு வைத்துக்கொண்டு அதே சமாளிப்பைச் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

சரி, சேற்று டயருக்கு வருவோம்.

எம்.டி. என்று சொல்லுகிற அந்த டயர் களிமண் சேற்றுக்கு என்று செய்தது. கட்டைகளுக்கு இடையில் பெரிய இடைவெளி விட்டிருப்பார்கள், சேறு அதற்குள் புகுந்து, சில்லு சுழலும்போது வெளியே தெறித்து விழும். வன்னியில் மாரிக்கு வயல் பாதையால் போகிறவருக்கு அது தேவை. நெடுந்தீவில் சேறு எங்கே இருக்கிறது? கீழே சுண்ணக்கல், மேலே ஒரு சாண் மண். மாரியில் தண்ணீர் நிற்கும், உண்மை, ஆனால் அதன் அடியில் கல். மிச்சம் எல்லாம் முருகைக்கல் உடைந்த ஒழுங்கை, கடற்கரையோர மணல், கொங்கிறீற் வீதி, தார் வீதி. இந்த நாலிலும் எம்.டி. டயர் நல்ல டயர் இல்லை. கொங்கிறீற்றிலும் தாரிலும் கட்டைகள் குறைவாகத்தான் நிலத்தில் படும், மழை ஈரத்தில் பிறேக் பிடித்தால் நிற்க நேரம் எடுக்கும், சத்தம் வேறு. மணலில் அந்தக் கட்டைகள் மண்வெட்டி மாதிரி. சில்லு சுழன்றால் போதும், தானே தனக்குக் குழி தோண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிடும்.

மணலில் டயரைக் காப்பாற்றுவது பூவும் கட்டையும் இல்லை, காற்றைக் குறைப்பதுதான். இதை எனக்குக் கற்றுத் தந்தவர் கல்பிட்டிப் பக்கம் மீன் ஏற்றிய என் மாமா. கரைவலை இழுக்கிற இடத்துக்கு வண்டியை இறக்க முதல் நாலு சில்லிலும் காற்றை விடுவார். 32 இருந்ததை 18க்குக் கொண்டு வருவார். டயர் கொஞ்சம் சப்பையாகி, நிலத்தில் படுகிற இடம் நீளும், பாரம் பரவும், வண்டி மணலுக்கு மேலால் போகும். ஒட்டகத்தின் பாதம் மாதிரி என்பார். 15க்குக் கீழே விட்டால் திரும்பும்போது டயர் றிம்மை விட்டுக் கழன்று வந்துவிடும், அதனால் அங்கே நிறுத்திக்கொள்வார். மொட்டை டயரோடு கூட அவர் புதையாமல் வருவதைப் பார்த்திருக்கிறேன். (மொட்டை டயரில் ஓடச் சொல்லி நான் சொல்லவில்லை. பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்கும், 1.6 மில்லிமீற்றர் உயரம். டயர் தேய்ந்து அதோடு சமமாக வந்தால் அதன் காலம் முடிந்தது.)

ஆனால் மாமா ஒன்றை மறக்கவே மாட்டார். தார் வீதிக்கு ஏற முதல் காற்றைத் திரும்ப அடிப்பார். காற்றுக் குறைந்த டயர் தாரில் ஓடினால் விலா ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து மடிந்து நிமிரும், அந்த மடிப்பில் சூடு ஏறும், சூடு ஏறினால் உள்ளே இழைகள் பிரியும், பிறகு வெடிக்கும். நம்மட ஆட்கள் காற்றை விடுவதில் வீரர்கள். அடிக்கிறதுக்குப் பம் இல்லை. பற்றரியில் ஓடுகிற சின்னக் கொம்பிறெசர் ஒன்றின் விலை அந்த அலோய் றிம்மில் ஒன்றின் விலைக்குக் கிட்டவும் வராது. குழுவில் அதை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதைப் படம் எடுத்துப் போட ஏலாது.

அப்போ எந்த டயர்? ஏ.டி. என்று எழுதியிருக்கும், எல்லா நிலத்துக்கும் என்று அர்த்தம். கட்டைகள் நடுத்தரம், தாரிலும் ஓடும் கல்லிலும் ஓடும். அதிலும் எல்.டி. என்ற எழுத்து உள்ளது, அதாவது பார வண்டிக்குச் செய்தது. இது விலாவைப் பற்றிய விசயம். முருகைக்கல் மற்றக் கல் மாதிரி உருண்டை இல்லை, உடைந்த இடம் கத்தி. அது டயரின் அடியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, அடியில் இரும்பு இழை இருக்கிறது. ஒழுங்கையில் இன்னொரு வண்டிக்கு இடம் விட ஒதுங்கும்போது கல்வேலி ஓரத்துக் கல் விலாவைக் கீறும். காருக்குச் செய்த டயரில் விலா மெல்லியது. விலாவில் விழுந்த வெட்டுக்கு ஒட்டுப் போட முடியாது, எந்தக் கடைக்காரர் போட்டுத் தந்தாலும் வாங்காதீர்கள். அடியில் ஆணி ஏறியதற்கு மட்டும்தான் ஒட்டு, அதுவும் உள்ளுக்குள் இருந்து போடுவது நல்லது.

பாரத்துக்கும் ஒரு எண் இருக்கிறது. அளவுக்குப் பக்கத்தில் 100 என்றோ 106 என்றோ போட்டு ஒரு எழுத்து இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 106 என்றால் 950 கிலோ. கச்சதீவுத் திருவிழாக் காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் எங்கட கெப்பின் பின்பெட்டியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். பதினைந்து பேர் நின்றால் பாரம் முக்கால் தொன்னைத் தாண்டும், வண்டியின் சொந்தப் பாரத்தோடு சேர்த்து அதில் பெரும்பகுதி பின் இரண்டு சில்லில்தான் இறங்கும். பின் டயர் 100ஓடு நின்றால் கணக்கு விளிம்பில் நிற்கிறது. பதினைந்து பேரை ஏற்றுவதே பிழை, அதை முதலில் நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்துகிறோம் என்று சொல்லிவிட்டு ஏற்றுவோம் என்பதும் எனக்குத் தெரியும், ஆகவே 106.

இனி என் பாடத்துக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கட கெப்புக்குக் கம்பனி கொடுத்த அளவு 215/75 ஆர் 15. 215 என்பது அகலம், மில்லிமீற்றரில். 75 என்பது விலாவின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 75 என்பது. 15 என்பது றிம் விட்டம், அங்குலத்தில். மூன்றும் மூன்று அலகு, யார் இப்படி வைத்தார்களோ தெரியாது, ஆனால் 9 ஆம் தரப் பிள்ளைகளுக்கு நல்ல கணக்கு. கூட்டிப் பார்த்தால் முழு விட்டம் 703 மில்லிமீற்றர் வரும். தம்பி படம் போட்ட டயர் 31 அங்குலம், அதாவது 787 மில்லிமீற்றர். வித்தியாசம் நூற்றுக்கு 12. ஒரு சுற்றுக்குப் பழைய டயர் 2.21 மீற்றர் போகிறது, புதியது 2.47 மீற்றர். மீற்றரில் 50 காட்டும்போது வண்டி உண்மையில் 56இல் போகும். இது சின்ன விசயம். பெரிய விசயம், எஞ்சின் அந்தப் பெரிய சில்லைச் சுழற்ற மூச்சு வாங்கும், கிளச் கெதியில் போகும், டீசல் கூடும், பிறேக் பிடிக்கும் தூரமும் கூடும். சில்லு திரும்பும்போது உள்ளே மட்காட்டில் உரசும், அதற்கு ஸ்பிறிங்கை உயர்த்த வேண்டும், உயர்த்தினால் பாரம் மேலே போய் வண்டி கவிழ வாய்ப்புக் கூடும். ஒன்றைத் தொட்டால் ஒன்று வரும். கல்யாண வீட்டுச் செலவு மாதிரி.

கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் 235/75 ஆர் 15 இருக்கிறது. வித்தியாசம் நூற்றுக்கு 4 தான், பெரும்பாலும் எங்கும் உரசாது. அதற்கு நான் சண்டை பிடிக்க மாட்டேன். என் விருப்பம் இருக்கிற அளவே.

ஏனென்றால் அளவு என்பது இங்கே வேறொரு கேள்வி. நெடுந்தீவில் டயர் கிழிந்தால் டவுனுக்குப் போக வேண்டும். ஒரு மணித்தியாலம் படகு, பிறகு குறிகட்டுவானில் இருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் தாண்டி 30 கிலோமீற்றருக்கு மேல். சோழகம் அடிக்கிற மாதங்களில் படகு ஓடுமா என்பதையே காலையில்தான் சொல்வார்கள். டவுனில் அந்த 31 அங்குலம் இல்லாவிட்டால் கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும். நாலு டயருக்கு மட்டும்தான் காசு, மாற்றுச் சில்லு பழைய அளவிலேயே இருக்கும் என்கிறார்கள். இதுதான் எனக்கு மிகவும் பயம். நான்கு சில்லும் இழுக்கிற வண்டியில் ஒரு சில்லு மட்டும் 11 சதவீதம் சின்னதாக இருந்தால், நாலு சில்லு இழுவையைப் போட்டதும் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். உள்ளே கியர்ப் பெட்டி முறுகும். மணலில் என்றால் சில்லு கொஞ்சம் வழுக்கித் தப்பும், கொங்கிறீற்றில் தப்பாது. ஐந்து டயரும் ஒரே அளவு, ஒரே வகை. நாலுக்குக் காசு இருந்தால் விலை குறைந்த ஐந்து வாங்குங்கள்.

காசு முட்டுப்பட்டு இப்போதைக்கு இரண்டுதான் என்று வந்தாலும், அளவு மாறக்கூடாது, புதியது இரண்டும் பின்னுக்குப் போக வேண்டும். முன்னுக்குப் போடத்தான் எல்லோருக்கும் மனம் வரும், ஸ்டேரிங் அங்கே இருக்கிறது என்று. ஆனால் ஈரத்தில் பின் சில்லு வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், எந்தச் சாரதியாலும் பிடிக்க முடியாது. பண்ணைப் பாலத்திலோ வாணர் பாலத்திலோ சுற்றினால் இரண்டு பக்கமும் கடல்.

அடுத்தது றிம். அலோய் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

அலோய் பாரம் குறைவு, பார்க்க வடிவு, தார் வீதியில் ஓடுகிற காருக்கு நல்லது. நம்மட தீவில் கிணற்றுத் தண்ணீரே உவர். வெளிநாட்டில் இருந்து "கடற்கரையால் வந்ததும் நல்ல தண்ணியால கழுவுங்கோ" என்று ஒரு அண்ணை எழுதியிருந்தார். அண்ணை, குடிக்கிறதுக்கே நல்ல தண்ணீருக்குக் கான் கொண்டு நிற்கிற ஊரில் சில்லுக் கழுவ எங்கே போவது? அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்பு ஈரமும் இருந்தால் அலுமினியம் அரிக்கும், விஞ்ஞானப் புத்தகக் கதைதான். வெள்ளை மாவு மாதிரி பூக்கும். டயரின் விளிம்பு றிம்மில் குந்துகிற இடத்தில் அது பூத்தால் காற்று மெல்ல மெல்லக் கசியும். காலையில் பார்த்தால் சில்லு இருந்திருக்கும். சில நேரம் அலோய் றிம் அச்சோடு ஒட்டிக்கொண்டு, வீதியில் வைத்துக் கழற்றவே ஏலாமல் போகும்.

இரும்பு றிம்மும் துருப்பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் துருவைச் சுரண்டலாம், பெயின்ற் அடிக்கலாம். டயர் மாற்றுகிற அன்று, பழையது கழன்ற கையோடு அந்த விளிம்பு இடத்தைக் கம்பித் தும்பால் தேய்த்து, துரு எதிர்ப்புப் பூச்சு பூசி, காய விட்டுப் பிறகு புதியதைப் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் அவசரப்படுவார், பக்கத்தில் நில்லுங்கள். இரும்பு றிம் கல்லில் அடிபட்டு வளைந்தால் கராஜில் சுத்தியலால் தட்டி எடுத்துவிடுவார்கள். அலோய் அடிபட்டால் வெடிக்கும். வெடித்ததை ஒட்டி ஓடுகிற வண்டியில் நான் என் பிள்ளையை ஏற்ற மாட்டேன்.

"ஆறு நட்டுத்தானே சேர், எந்த றிம்மும் பொருந்தும்" என்பவர்களுக்கும் ஒன்று. ஹைலக்ஸுக்கும் எல்200க்கும் ஆறு நட்டு, நட்டு வட்டம் இரண்டுக்கும் 139.7 மில்லிமீற்றர். சரிதான். ஆனால் நடுத்துளை ஹைலக்ஸில் 106 மில்லிமீற்றர், பிந்திய எல்200இல் 67. ஒன்று மற்றதற்கு ஏறாது, அல்லது ஏறி லொட லொட என்று நட்டில் மட்டும் தொங்கும். நட்டும் ஒன்றில்லை. இரும்பு றிம்முக்குக் கூம்பு முகம் உள்ள நட்டு. சில ஜப்பான் அலோய்களுக்குத் தட்டை முகமும் வொசரும் உள்ள நட்டு. அலோய் போட்டு, பழைய இரும்புச் சில்லை மாற்றுக்கு வைத்திருந்தால், இரவு நேரம் வெடித்த இடத்தில் தட்டை நட்டால் அந்த இரும்பு றிம்மை இறுக்க வேண்டி வரும். இறுகின மாதிரி இருக்கும். ஓட ஓடக் கழரும். எந்தச் சில்லை மாற்றினாலும் 50 கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை நட்டைத் திரும்ப இறுக்குங்கள். நெடுந்தீவுக் கணக்கில் அது ஒரு கிழமை.

மட்காட்டுக்கு வெளியே தள்ளி நிற்கிற றிம்மைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாரம் பெயாரிங்கில் சாய்ந்து விழும், சில்லு தெறிக்கிற கல் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் முகத்துக்குப் போகும். ஒடுங்கிய ஒழுங்கையில் அந்த இரண்டு அங்குலமும் கல்வேலியைத் தேடிப் போய் முட்டும்.

என்னைத் திட்டுகிறவர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வெளிநாட்டில் இரவு வேலை செய்து காசு அனுப்புகிற பிள்ளைக்கு, தன் ஊர் வண்டி நல்ல வடிவாக நிற்கிற படம் ஒன்று வேண்டும். அவன் பார்க்கப் போவது அந்தப் படத்தை மட்டும்தான். சுற்றுலாப் பயணிகளும் அழகான வண்டியைத்தான் தேடி ஏறுவார்கள், அந்த வருமானத்தில்தான் டீசல் அடிக்கிறோம் என்றும் ஒரு தம்பி சொன்னார். விளங்குகிறது. கறுப்புப் பெயின்ற் அடித்த இரும்பு றிம்மும் வடிவுதான் தம்பி. ஏ.டி. டயரில் வெள்ளை எழுத்து உள்ளதும் வருகிறது, எழுத்தை வெளிப்பக்கம் போடச் சொல்லுவோம்.

மீதிக் காசுக்கு என் யோசனை: ஒரு கொம்பிறெசர், காற்று அளக்கிற மானி ஒன்று, ஒட்டுப் போடுகிற சாமான், நல்ல ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை (மணலில் ஜாக்கிதான் கீழே போகும், வண்டி மேலே வராது). இவை எல்லாம் ஒரு பெட்டியில். மாற்றுச் சில்லில் மாதம் ஒருமுறை காற்றுப் பார்க்க ஒரு ஆளைப் பொறுப்பு வைக்க வேண்டும். உயர்தர மாணவர்கள் இருவர் செய்யத் தயார், கேட்டுவிட்டேன். அதோடு தீவில் ஓடுகிற மற்றக் கெப் வைத்திருக்கிற அண்ணைமாரும் ஒரே அளவுக்கு வந்தால், எல்லோருக்கும் பொதுவாக இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு சில்லு வைக்கலாம். இது நயினாதீவில் உள்ள ஓட்டோக்காரருக்கும் பொருந்தும், அங்கே அளவு ஏற்கெனவே ஒன்றுதான், ஒற்றுமை மட்டும்தான் வேண்டும்.

உழவு இயந்திரம் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். வயலுக்கும் கரையில் வள்ளம் இழுக்கவும் உங்களுக்கு அந்தப் பெரிய கட்டை டயர் வேண்டும். நான் சொல்வது ஆட்களை ஏற்றுகிற வண்டிக்கு.

கழற்றுகிற பழைய டயர்களை யாரும் வளவுக்குள் எறிய வேண்டாம். மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் நிற்கும், டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. போன மாரிக்குப் பாடசாலைச் சுற்றாடலில் மட்டும் நாங்கள் பிள்ளைகளோடு பொறுக்கியது பதினொரு டயர். படகுக்காரரிடம் கேளுங்கள், படகு இறங்குதுறையில் இடிபடாமல் விலாவில் கட்டித் தொங்க விட எடுப்பார்கள். அடியில் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுங்கள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரைக்கு. எனக்குத் திங்கள் காலைப் படகு இருந்தாலும் ஒரு நாள் முந்தியே வந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ். அதற்கு முதல் வாகனம் வைத்திருக்கிற எல்லோரும் உங்கள் டயரின் விலாவில் அந்த நாலு இலக்கத்தைத் தேடுங்கள். வெளிப்பக்கம் இல்லாவிட்டால் வண்டிக்குக் கீழே குனிந்து உள்பக்கம் பாருங்கள், மாற்றுச் சில்லையும் சேர்த்து. படம் எடுத்து இதற்குக் கீழே போடுங்கள். ஓட்டோ, வான், மோட்டார் சைக்கிள் எதுவென்றாலும் பரவாயில்லை. என் மோட்டார் சைக்கிளின் பின் டயர் 3816, நேற்றுத்தான் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, சனிக்கிழமை மாற்றப் போகிறேன்.